பாசி பிடித்த தொட்டி

எனக்கு அறவே பிடிக்காத வார்த்தை ‘சுத்தம்’. ஒரு அறிவியல் டீச்சர் இப்படிப் பேசலாமா என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார். பேசலாம். நான் நடத்திய பாடத்தையே சுத்தம் செய்து, புளிக்குழம்பு வைத்து, டிபன் பாக்ஸில் போட்டு என் மேஜைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பட்டவளுக்குத்தான் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற நடுநிலைப் பள்ளி எங்களுடையது. மூன்று பக்கம் வயல், ஒரு பக்கம் வாய்க்கால். ஏழு, எட்டு வகுப்புகளுக்கு அறிவியல் என் பொறுப்பு. உணவுச் சங்கிலிக்கு உதாரணம் கேட்டால் எந்தப் பிள்ளையை எழுப்பினாலும் “புல், மான், புலி” என்று ஒப்பிக்கும். ஜன்னலுக்கு நேரே வயலில் ஒரு கொக்கு நண்டைக் கொத்திக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே புலி என்று சொல்வார்கள். எனக்குக் கோபம் மூக்கின்மேல்தான் உட்கார்ந்திருக்கும். “இந்த ஊர்ல எந்த வரப்புலடா புலி படுத்திருக்கு?” என்று சாக்பீஸை மேஜையில் போட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு முடிவு செய்ததுதான் தொட்டி.

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. மாடியில் பிளாஸ்டிக் டேங்க் வந்த பிறகு அதை யாரும் சீந்துவதில்லை. அதில் வாய்க்கால் சேற்றை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டோம். அல்லிக் கிழங்கை நட்டு, வாய்க்கால் தண்ணீரையே வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினோம். பிள்ளைகள் கெண்டைக் குஞ்சு, நத்தை, தலைப்பிரட்டை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்து விட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் எனக்குத் தெரியாமல் ஒரு விராலையும் விட்டுவிட்டார்கள். அதுதான் எங்கள் தொட்டியின் புலி. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடிப்பதற்குள் தொட்டியும் பச்சை பிடித்துவிட்டது. தட்டான்கள் வந்து வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டையிட்டன. அப்புறம் பாடப் புத்தகத்தைத் திறக்க எனக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. பிள்ளைகள் மத்தியானச் சோற்றை அள்ளிப்போட்டுக்கொண்டு தொட்டியடிக்கு ஓடுவார்கள், யார் யாரைத் தின்றது என்று எனக்கு வந்து சொல்வார்கள்.

எங்கள் தலைமையாசிரியைக்கு மட்டும் அந்தப் பச்சை ஆகவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளை ஒரு சொல் அதட்டமாட்டார். முந்தின மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகளுக்கு டெங்கு வந்து, ரத்தத் தட்டணுக்கள் சரசரவென்று இறங்கி, தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தார். அந்தப் பெண் பிழைத்து எழுந்து இப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்துகொண்டு அம்மாவுக்குத் தினம் ஒரு செல்ஃபி அனுப்புகிறாள். ஆனால் அம்மாவுக்குப் பயம் விடவில்லை. காதோரம் ஒரு கொசு பாடினால் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, அதை அடித்த பிறகுதான் அடுத்த வார்த்தை பேசுவார்.

மழை ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டார். “ஏம்மா, இந்தத் தொட்டி வேணாமே. கொசு முட்டை வெச்சுடும்.”

“வைக்காது மேடம். முட்டை போட்டாலும் புழுவை மீன் தின்னுடும்.”

“எல்லாத்தையும் தின்னுடுமா? ஒண்ணு தப்பிச்சா? கொசுவுக்கு ஒண்ணு போதும்மா.”

நான் விடவில்லை, அவரும் விடவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் வருகிறார். அவர் தண்ணீரை அள்ளிப் பார்க்கிற கரண்டியில் ஒரே ஒரு கொசுப்புழு வந்தாலும் அன்று சாயங்காலமே தொட்டியில் மண்ணைக் கொட்டிக் கீரை விதைத்துவிடுவது. இல்லையென்றால் தலைமையாசிரியை இனிமேல் தொட்டியைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். மண்ணுக்கும் டிராக்டர்காரரிடம் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு. அந்தத் தொட்டியில் நாங்கள் புழுவைத் தேடித் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறோம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை திங்கட்கிழமை காலையில் நடந்தது.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். தொட்டிக்கு வெள்ளை அடித்திருந்தது. விளிம்பைச் சுற்றிச் செங்காவிப் பட்டை. முன்னால் பெரிய கோலம். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி, அடியில் போட்ட சிமெண்டுப் பூச்சு தெரிகிறது. ப்ளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. சேறு, அல்லி, நத்தை, தவளை, ஒன்றும் இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பின்னாலேயே வந்து நின்றார். எட்டாம் வகுப்பில் படிக்கிற வாயாடி ஒருத்தியின் அம்மா அவர். முகமெல்லாம் சிரிப்பு. “எப்படி டீச்சர் இருக்கு? ஞாயித்துக்கெழம பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து எறங்கிட்டோம். ஆபீசர் வர்றாருன்னா பாசியோடயா காட்டுவீங்க? பொங்கலுக்குக் கெணறு எறைக்கிற மாதிரி எறைச்சு, தேங்கா மட்டையப் போட்டுத் தேய்ச்சு எடுத்துட்டோம்.”

“மீனெல்லாம் எங்கங்க?”

“அதக் கேக்குறீங்களா, இந்தாங்க.” டிபன் பாக்ஸை நீட்டினார். “ஊரு பூராப் பங்கு வெச்சோம். நீங்க விட்ட மீனு, அதனால ஒங்களுக்குத்தான் மொதப் பங்கு. கெண்ட பொடிசுதான். ஆனா ஒரு வெரா கெடந்துச்சு பாருங்க, நடுத்துண்டம் ஒங்களுக்கு எடுத்து வெச்சேன்.”

இந்தப் பக்கத்தில் குளமோ குட்டையோ வற்றினால் இறங்கி மீன் பிடித்து வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். குஞ்சு விட்டவருக்கு முதல் பங்கு கொடுக்காமல் யாரும் அடுப்புப் பற்றவைக்கமாட்டார்கள். அந்த அம்மாள் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. என்னால் கத்தவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை. “என் புலியைக் குழம்பு வெச்சுட்டீங்களே” என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் விறுவிறுவென்று வகுப்புக்குப் போய் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மத்தியானம் பசித்தது, சாப்பிட்டேன். குழம்பு அருமையாக இருந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் வரவில்லை. வேறு ஊரில் வேலையாம், அடுத்த வாரம் வருகிறேன் என்று போன் செய்துவிட்டார். ஒப்பந்தமும் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிப்போயிற்று. தலைமையாசிரியை தெளிந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இப்பதாம்மா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு” என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அந்த வாரம் முழுக்க நல்ல மழை. வெள்ளிக்கிழமை வாயாடி மூச்சிரைக்க ஓடி வந்தாள். “டீச்சர், தொட்டில புழு.”

போய்ப் பார்த்தேன். ஒன்றா இரண்டா? தலைகீழாகத் தொங்கிக்கொண்டும், கையை ஆட்டினால் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கிக்கொண்டும், தொட்டி பூராவும் கொசுப்புழு. தலைவியும் தகவல் கேட்டு ஓடி வந்துவிட்டார். அவர் முகம் வாடிப்போயிற்று. “தண்ணி தெளிவா இருந்தா வராதுன்னுல்ல டீச்சர் நெனச்சோம்.”

“ஆட்டோவுல மைக் வெச்சு ஊர் ஊரா கத்துறாங்களே, நல்ல தண்ணியிலதான் டெங்குக் கொசு முட்டை போடும்னு. காதுல விழலையா?” என்று வெடித்துவிட்டேன். பாவம், முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீரை மொத்தமாகத் திறந்துவிட்டுக் காலித் தொட்டியைக் காட்டிவிடலாம் என்றுதான் என் வாயில் வந்தது.

வாயாடி குறுக்கே வந்தாள். “அம்மாவத் திட்டாதீங்க டீச்சர். எனக்கு ஒரு சந்தேகம். பழைய தண்ணியிலயும்தான் கொசு முட்ட போட்டிருக்கும். அப்ப புழு இல்ல, இப்ப மட்டும் எப்படி இருக்கு?”

“நீயே சொல்லேன்.”

“திங்கிற ஆளு இல்ல. கொசு பறந்து வந்துடும். மீனு பறந்து வராதுல்ல.”

இதைத்தானே அந்த வருஷம் பூராவும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. தின்னுகிற ஆட்களைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். வாய்க்காலில் மழை வெள்ளம் முழு வேகத்தில் ஓடியது, பிள்ளைகளை இறக்க முடியாது. பிறகு எங்கே போவது என்று யோசித்தபோது தலைவிதான் மெதுவாகச் சொன்னார், “பழைய தண்ணிய வாழைக்குத்தான் டீச்சர் திருப்பிவிட்டோம். ப்ளீச்சிங் தண்ணியத்தான் ரோட்டுப் பக்கம் எறைச்சோம்.”

சத்துணவுக்குக் கை கழுவும் தண்ணீர் பாய்கிற வாழை மரங்களை நோக்கி எல்லோரும் ஓடினோம். பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி நின்றது. அல்லிக் கிழங்கு ஒன்று அங்கேயே இலை விட்டிருந்தது. குழம்புக்கு ஆகாது என்று விட்டுவிட்ட ஊசி ஊசியான மீன் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பின. கொசுப்புழு ஒன்றுகூட இல்லை. தலைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினார். சோறு வடிக்கிற தட்டால் அவர் சேற்றோடு அரித்துக் கொடுக்க, பிள்ளைகள் வரிசையாக நின்று மீன், சேறு, அல்லி எல்லாவற்றையும் வாளி வாளியாகத் தொட்டிக்குக் கைமாற்றினார்கள். சேற்றில் ஆறு காலோடு, பார்க்க அசிங்கமாக, சேற்று நிறத்திலேயே சில பூச்சிகள் கிடந்தன. “இதுவுமா டீச்சர்?” என்று தலைவி தூக்கிப் போடப் பார்த்தார். “அது தட்டான் குட்டிங்க. றெக்கை முளைக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ளதான் இருக்கும். முதல்ல அதைப் போடுங்க” என்றேன்.

திங்கட்கிழமை காலையில் தொட்டியில் புழுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. குறைந்திருந்தனவே தவிர ஒழியவில்லை. ஒப்பந்தப்படி ஒன்று இருந்தாலே நான் தோற்றேன். இன்னும் ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் பைக்கில் வந்து இறங்கினார். சின்ன வயசு, கையில் நீளக் கைப்பிடி போட்ட வெள்ளைக் கரண்டி, சட்டைப் பையில் ஒரு மூடி போட்ட பாட்டில். கேட்டுக்கு வெளியே டிராக்டர் மண்ணோடு நின்றது. தலைமையாசிரியை கையைக் கட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றார். ஜன்னல் கம்பிகளுக்குப் பின்னால் பிள்ளைகள். வாயாடியும் அவள் அம்மாவும் என் பக்கத்தில். ஆய்வாளர் ஒரு மூலையில் அள்ளினார், இல்லை. எதிர் மூலையில் அள்ளினார், இல்லை. அல்லி இலைக்கு அடியில் கரண்டியை விட்டு அலசி எடுத்தார். வெள்ளைக் கரண்டியில் கொஞ்சம் சேறு, அதற்கு மேலே ஒரு புழு நெளிந்தது.

“ஒண்ணு இருக்கு மேடம்” என்றார்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அவருக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. முகம் வெளுத்திருந்தது. “நான் சொன்னேன்ல. ஒண்ணு போதும்மா” என்றார். தலைவி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கரண்டிக்குள் இருந்த சேறு நகர்ந்தது. அது சேறு இல்லை. தட்டான் குட்டி அசையாமல் கிடந்திருக்கிறது. புழு அதன் முகத்துக்கு நேரே நெளிந்து வந்ததும் கீழ்த்தாடை கை மாதிரி வெளியே நீண்டது, கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே மடங்கியது. புழுவைக் காணோம்.

தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். “எங்க போச்சு?”

“தின்னுடுச்சு மேடம்” என்றாள் வாயாடி.

அவர் ஆய்வாளர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். “தம்பி, அந்தப் பாட்டில்ல என்ன?”

“வர்ற வழியில ஒரு வீட்டு டிரம்ல எடுத்த புழு மேடம். சாம்பிளுக்கு.”

“கொடுங்க.”

பாட்டிலைச் சாய்த்துக் கரண்டியில் கொஞ்சம் ஊற்றினார். தாடை நீண்டது, மடங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. உதட்டில் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. “சாப்பிடு. நல்லாச் சாப்பிடுடா கண்ணு.” ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளுக்குக் கஞ்சி ஊட்டியபோது அவர் குரல் இப்படித்தான் இருந்திருக்கும். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து நின்றது, துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை.

கேட்டுப் பக்கமிருந்து டிராக்டர்காரர் ஹாரன் அடித்தார். ஆய்வாளர் தயங்கித் தயங்கி, “மேடம், மண்ணு கொட்டச் சொல்லவா?” என்று கேட்டார்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“சும்மா இருங்க தம்பி. அது சாப்பிடுது.”