படம் ஓடுது, ஆளைக் காணோம்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதில்லை. செய்த ஒரு மடத்தனத்தைத்தான் சொல்வேன். பதுளை டவுனில் கம்ப்யூட்டர், சிசிடிவி, வைஃபை என்று இருபத்தாறு வருஷமாகக் கை வைக்கிறேன். அதில் என்னைத் தலைகுனிய வைத்தது தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் இருந்த ஒரு மீடியா சர்வர்.

1. ஆறு காம்பராவுக்கு ஒரு பெட்டி

அப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பாக்கியம் அக்கா இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். கணவர் சுப்பையா அண்ணன் இறந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகன் ரவி கட்டாரில் வேலை. அவன் லீவில் வந்தபோது ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் பெரிய ஹார்ட் டிஸ்க்கும் வாங்கி, அம்மாவின் காம்பராவில், அந்த லயத்து அறையில், மீடியா சர்வர் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனான். சினிமா, கல்யாண வீடியோ, கோயில் திருவிழா எல்லாம் அந்த டிஸ்க்கில். டீவியை வைஃபையில் கொளுவினால் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். ரவியும் அங்கிருந்தே பார்ப்பான்.

ஒரு நாள் அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, படம் சுத்திக்கிட்டே இருக்கு. ரெண்டு வார்த்தை பேசுறான், அப்பிடியே நின்னு போறான்."

போய்ப் பார்த்தேன். பெட்டியின் ஃபேன் அரவை மெஷின் மாதிரி அலறிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனைத் திறந்தால் ஆறு டீவி ஒரே நேரத்தில் ஓடுகிறது.

"யாருக்கா இவ்வளவு பேரு?"

"நம்ம லயத்து ஆளுகதான்."

"பாஸ்வேர்ட எல்லாருக்கும் குடுத்துட்டீங்களா?"

"கேட்டாங்க, குடுத்தேன். ஒரே செவுரு தம்பி. அங்கிட்டு இருமினா இங்கிட்டு கேக்குது. இல்லேன்னு எப்பிடிச் சொல்றது?"

நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

பிரச்சினை இதுதான். ரவி போட்டிருந்த வீடியோக்களில் பாதி மிகத் தெளிவான ஃபோர்-கே. ஃபைல் பெரிது, அதன் ஃபார்மேட் புதிது. லயத்து டீவிகளோ பழையவை, அந்த ஃபார்மேட்டை வாங்காது. அதனால் சர்வரே ஒவ்வொரு டீவிக்கும் ஏற்றபடி படத்தை அந்தந்த நிமிஷமே மாற்றிக் கொடுக்க வேண்டும். டிரான்ஸ்கோடிங் என்று பெயர். ஒற்றை அடுப்பில் ஒரு ஆள் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் அந்தச் சின்னப் பெட்டி தவித்தது.

எனக்கு வழி உடனே தெரிந்தது. எல்லா வீடியோவையும் முன்கூட்டியே செவன்-ட்வென்டி என்கிற குறைந்த தெளிவுக்குக் குறைத்து வைத்துவிட்டால் சர்வருக்கு வேலையே இல்லை. டிஸ்க்கிலும் இடம் இல்லாததால், ஒவ்வொன்றும் மாறி முடிந்ததும் ஒரிஜினலை அழிக்கும்படி டிக் போட்டேன். காப்பி எடுக்காமல் அடுத்தவர் டிஸ்க்கில் கை வைக்காதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு நான் காப்பி எடுக்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். என் மனைவி மல்லிகா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளுக்கு அரை மணி நேரம் கிடைக்கும். நமக்கு அது சாயங்காலம் ஆறு மணி. நான்கு வருஷமாக லீவில் வரவில்லை. அந்த அரை மணி நேரம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. காப்பி எடுக்க உட்கார்ந்தால் பஸ் போய்விடும், ஆறு மணியும் போய்விடும். வேலையை ஓட விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

2. ஞாயிற்றுக்கிழமை

ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பதுளைக்கே வந்துவிட்டார். பஸ் வாந்தி வரும் என்று டவுன் பக்கமே வராத மனுஷி. கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் பாராட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இப்ப சுத்துறதில்லையேக்கா?"

"இல்ல தம்பி. எல்லா வீட்டுலயும் நல்லா ஓடுது. அவரத்தான் காணோம்."

"யார?"

"ரவி அப்பாவ."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். சுப்பையா அண்ணனுக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்ததாம். அதனால் கேமராவைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வார். வீட்டில் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், அதிலும் முறைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சாவதற்கு முந்தைய மாசியில் தோட்டத்தில், சிவன் காமனை எரிக்க அவன் மனைவி ரதி அழுகிற காமன் கூத்து நடந்தபோது, கோயில் கமிட்டி பண்டாரவளையிலிருந்து நல்ல கேமராக்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த வீடியோவில், கூட்டத்துக்கும் பின்னால் ஓரமாக, தப்பு அடிக்கிற வரிசையில் கடைசி ஆளாக அண்ணன் நிற்கிறார். கேமரா இருப்பதையே மறந்து, பல் தெரியச் சிரிக்கிறார். டீவியில் கட்டைவிரல் அளவுதான் அவர் உருவம். அக்கா டீவிக்குக் கிட்டே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து தினமும் பார்ப்பாராம்.

"முந்தி சுத்திச் சுத்தி நின்னாலும், நிக்கிற எடத்துல மூஞ்சி தெளிவா இருக்கும். இப்ப மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல என்னமோ மாவ அப்புன மாதிரி இருக்கு. கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க தம்பி."

ஒரிஜினல் இல்லை. நான்தான் அழித்தேன். போன் போட்டுக் கேட்டேன், ரவியிடமும் வேறு காப்பி கிடையாது. கேமராக்காரரோ கார்டை எத்தனையோ தரம் துடைத்துவிட்டார்.

எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. "பாருங்க தம்பி, முடிஞ்சதப் பாருங்க" என்றார். ரெண்டாம் தரமும் அதையே சொன்னார்.

3. மீட்டது

அவரோடு அடுத்த பஸ்ஸிலேயே ஏறினேன். பெட்டியை நிறுத்தி டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்தேன். அழிந்த ஃபைலை மீட்கும் சாஃப்ட்வேரைப் போட்டேன். ஒன்றரை நாள் ஓடியது. சினிமாவெல்லாம் சுளையாக வந்தது. அதைக் கொண்டுபோய் என்ன செய்ய. கூத்து வீடியோ கடைசியாகத்தான் வந்தது, அதிலும் இறுதி இருபது நிமிஷத்தின் மேல் வேறு ஃபைல் எழுதப்பட்டுப் போய்விட்டது.

இந்த முறை அவசரப்படவில்லை. அக்காவின் டீவிக்கு, அந்த ஃபார்மேட்டை அப்படியே வாங்குகிற ஒரு பாக்ஸ் வைத்தேன். வைஃபை வேண்டாமென்று சர்வரிலிருந்து நேராகக் கேபிள் இழுத்தேன். இனி மாற்றுகிற வேலை இல்லை, டைரக்ட் ப்ளே. மற்ற ஐந்து வீட்டுக்கும் சின்னக் காப்பி போதும். சர்வரில் ரெண்டு பகுதி பிரித்து ஒன்றுக்கு 'லயம்' என்றும் இன்னொன்றுக்கு 'அம்மா' என்றும் பெயர் வைத்தேன்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார். பதினேழாவது நிமிஷத்தில் கேமரா திரும்பியது. ஓரத்தில் அண்ணன் நின்றார். நெற்றியில் வியர்வை, கழுத்தில் துண்டு, உடைந்த பல். அக்கா நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன்.

"அதுதான். அந்தப் பல்லுதான்" என்றார். நான் வெளியே வந்து தேயிலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போகும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டுமே. "அக்கா, கடைசி இருபது நிமிஷம் வரலக்கா. காமன எரிக்கிறது, ரதி அழுவுறது, அதெல்லாம் போயிருச்சு. என் தப்புதான்."

"அது போனா போகட்டும் தம்பி. அவரு போனதுலருந்து அந்த எடத்த நான் பார்த்ததே இல்ல. அதுக்கு முந்தியே நிப்பாட்டிருவேன்."

4. கற்றது

வாடிக்கையாளர் படம் சுத்துகிறது என்றால் உடனே குவாலிட்டியைக் குறைக்காதீர்கள். அந்தப் படத்தில் அவர் யாரைப் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். காப்பி எடுங்கள், பஸ் போனாலும் பரவாயில்லை. நான் சொல்லிக்கொடுக்கக்கூடியது இவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். செவன்-ட்வென்டியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்கு ஏன் பட்டது? மல்லிகாவை நான் பார்ப்பதே அதைவிட மோசமாகத்தான். வீடியோ கால் அறுந்து போகாமல் இருந்தால் போதுமென்று குவாலிட்டியைக் குறைத்தே வைத்திருந்தேன். முகம் கட்டம் கட்டமாக வரும், எனக்கு அது பழகிவிட்டது.

அக்காவின் டீவியைச் சரிசெய்த அன்றைக்கு ஆறு மணிக்கு அவளிடம் சொன்னேன், "வீடியோ கால்ல வேணாம். ஜன்னல் பக்கமா நின்னு ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, சுருக்காம அப்பிடியே அனுப்பு."

வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. பெரிய ஸ்கிரீனில் போட்டுப் பார்த்தேன். காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

மறுநாள் கேட்டேன், "எப்ப இருந்து இப்பிடி நரைச்சிருக்கு?"

"ரெண்டு வருஷமாச்சு" என்றாள். "தினமும்தான பாக்குறீங்க?"