மஞ்சள் கொடியை இறக்கியவர்

நெல்லையப்பன் அண்ணாச்சிக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொலாபா பக்கம் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவருக்கு நீந்தத் தெரியாதா என்று கேட்டுச் சிரித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படிச் சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவருடைய வேலை கரையில். நாங்குநேரிப் பக்கத்து ஆள், குளத்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காமல் பம்பாய்க்கு ரயில் ஏறியவர். அவருக்கு நீச்சல் எதற்கு?

என் பெயர் அய்யாத்துரை. அதே கிளப்பில் நான் லாஞ்ச் ஓட்டினேன். ரேஸ் நடக்கும்போது கவிழ்ந்த படகுகளைத் தேடிப் போய், விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வரும் மோட்டார் படகு அது. எங்கள் இருவருக்கும் வீடு தாராவியில், ஒரே சந்தில். ஞாயிற்றுக்கிழமை ஊரே படுத்துக் கிடக்கும்போது நாங்கள் மட்டும் காக்கி நிக்கரைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவோம். ரேஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமைதானே!

அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் ரேஸின் சட்டதிட்டம் முழுக்க அவர் விரல் நுனியில் இருந்தது. தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஒரு வெடி, ஒரு கொடி. ஐந்து நிமிஷம் முன்னால் இன்னொரு வெடி, நடுவில் வெள்ளைக் கட்டம் போட்ட நீலக்கொடி. மணி அடித்த மாதிரி மூன்றாவது வெடி, இரண்டு கொடியும் கீழே. அதற்கு முன்பே தொடக்கக் கோட்டைத் தாண்டிவிட்ட அவசரக்காரரைத் திரும்பக் கூப்பிட இன்னொரு வெடி. இத்தனையையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நொடி பிசகாமல் செய்வார். கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெள்ளைக்கார மெம்பர் ஒருவரே அவர் தோளில் தட்டிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவருடைய உண்மையான வேலை கொடிமரத்தடியில் இருந்த பலகைதான். அதில் இருபத்திரண்டு ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் படகின் நம்பர் வெட்டிய ஒரு பித்தளை வில்லை. படகு ஓட்டுகிற மெம்பர் கடலுக்குப் போகும்போது தன் வில்லையை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் தன் கையாலேயே மாட்ட வேண்டும். சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஆறாவது விதி அது. ஓர் ஆணி காலியாக இருந்தாலும் கடலில் யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். அதுவரை கொடிமரத்தில் மஞ்சள் கொடி பறக்கும். அது பறக்கும்வரை என் லாஞ்ச் கரைக்கு வரக் கூடாது. கடைசி வில்லை ஏறியதும் அண்ணாச்சி கொடியை இறக்குவார், நான் திரும்புவேன்.

விதி இப்படி. நடப்பு வேறு. சாப், அதாவது படகு ஓட்டிப் போன மெம்பர், படிக்கட்டில் இறங்கிக்கொள்வார். கூடப் போன கிளப் படகுக்காரன் படகைச் சரிவுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரிலிருந்து இழுத்து, பாயைக் கழற்றி, அலசி வைக்க அரை மணி ஆகும். அதற்குள் சாப் மேலே வந்து, தாகத்தோடு பாருக்குப் போகிற வழியில் வில்லையை அண்ணாச்சி கையில் கொடுத்து, "லகா தோ" என்பார். மாட்டிவிடு என்று அர்த்தம். அண்ணாச்சி மாட்டுவார். எத்தனை வருஷமாக! யாரும் தப்பென்று நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

அந்தப் படகுக்காரர்களில் ஒருவன் பூலோகம். அண்ணாச்சியின் மச்சினன், அவர் பெண்டாட்டி பூமாரி மதினிக்கு ஒரே தம்பி. இருபத்தாறு வயது, இரும்பு மாதிரி உடம்பு. தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்து இருமல் வந்து கிடந்தவனை அண்ணாச்சிதான் கிளப்பில் சேர்த்துவிட்டார். மதினிக்கு இஷ்டமே இல்லை. கடலா, வேண்டவே வேண்டாம் என்று இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பிறகு அண்ணாச்சி அவளை உட்காரவைத்து, பலகையையும் வில்லையையும் கொடியையும் தீப்பெட்டிக் குச்சிகளை அடுக்கி விளக்கினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அப்பம் கொடிய எறக்கது நீங்கதானா?" என்று கேட்டாள் மதினி.

"நாந்தான்."

"எந்தம்பி கரையேறாம நீங்க கொடிய எறக்கக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணுங்க."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். "ஏட்டி, அது என் வேலையாக்கும்! அவன் வராம எப்படி எறக்குவேன்?"

அறுபத்தாறு மே மாதம். மழைக்கு முன்னால் அந்தப் பருவத்தின் கடைசி ரேஸ். இரண்டு மணிக்கு வெடி வெடித்தது. பதினாலாம் நம்பர் சாப், காற்று பலமாக இருக்கிறது, கனத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று பூலோகத்தைக் கூட்டிக்கொண்டு போனார். மெம்பர்களுக்கு, விழுந்தால் மிதக்க வைக்கிற கார்க் ஜாக்கெட் உண்டு. எங்களுக்கு என்ன உண்டு? காக்கி நிக்கர் உண்டு.

நாலரை மணிக்குத் தெற்கே கறுத்துக்கொண்டு வந்து ஒரு அடி அடித்தது பாருங்கள், கால் மணி நேரத்தில் ஐந்து படகு கவிழ்ந்தது. நான் மூன்று படகுகளின் ஆட்களைத் தூக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பதினாலாம் நம்பர் எனக்கு எட்டாத தூரத்தில், படகுகள் சுற்றித் திரும்பும் மிதவைக்கு அந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கிறது. பாய்மரக் கட்டை அடித்து அந்த சாப்புக்குப் புருவம் கிழிந்து ரத்தம். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவருடைய சிநேகிதர் மோட்டார் படகில் வந்து அவரைத் தூக்கிக்கொண்டார். கவிழ்ந்த படகை விட்டு ஆள் விலகக் கூடாது, லாஞ்ச் வரும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் விதிதான். சாப் பூலோகத்திடம் அதைத்தான் சொல்லியிருக்கிறார். படகை விடாதே, லாஞ்ச் வரும். அவனும் "ஜீ சாப்" என்றிருக்கிறான்.

அந்த மோட்டார் படகு என்னைத் தாண்டித்தான் கரைக்குப் போனது. சிநேகிதர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆளைப் பத்திரமாகத் தூக்கிவிட்டோம் என்கிறார் போலிருக்கிறது என்று நானும் கையை ஆட்டினேன். இந்தப் பாவி கையை ஆட்டினேன்.

கரையில் நடந்ததை அண்ணாச்சி எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சாப் ஒரு கையால் துணியை வைத்துப் புருவத்தை அழுத்திக்கொண்டு படியேறி வந்தார். பையிலிருந்து வில்லையை எடுத்து நீட்டினார். லகா தோ. டாக்டரிடம் போகக் கார் காத்திருந்தது. பூலோகம் சரிவில் படகை இழுத்துக்கொண்டிருப்பான், எப்போதும் போல. ரத்தம் ஒழுக நிற்கிற பெரிய மனிதரை நிறுத்தி வைத்து ஒரு வேலைக்காரன் கேள்வி கேட்பானா? அண்ணாச்சி மாட்டினார். மற்ற இருபத்தோரு வில்லைகளும் ஒவ்வொன்றாக ஏறின. பலகை நிறைந்துவிட்டது. மஞ்சள் கொடியை இறக்கினார்.

நான் தூரத்திலிருந்து பார்த்தேன். கொடி இறங்கிவிட்டது, அப்பாடா என்று லாஞ்சைத் திருப்பினேன்.

ஐந்தரை மணிக்கு, வீட்டுக்குப் போகலாம் வாடே என்று பூலோகத்தைக் கூப்பிட அண்ணாச்சி சரிவுக்குப் போனார். இருபத்தோரு படகு இருந்தது. ஒன்று, இரண்டு என்று விரல் வைத்து எண்ணினாராம். திரும்பவும் எண்ணினாராம். அப்புறம் அவர் ஓடி வந்த ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். செருப்பு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம்.

"ஏல அய்யாத்துரை! லாஞ்ச எடுல! பூலோகம் வரலடே! பூலோகம் வரல!"

நீந்தத் தெரியாத மனுஷன் என்னோடு லாஞ்சில் ஏறிவிட்டார். ஓதம் வற்றும் நேரம், தண்ணீர் வெளிக்கடலை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பெயரைச் சொல்லிக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. இருட்டியதும் டீசல் தீர்ந்து திரும்பினோம்.

மறுநாள் பகலில் கோலி மீனவர்கள் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் படகைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். பூலோகம் படகை விடவில்லை. பாயின் கயிற்றை எடுத்துத் தன் இடுப்பில் சுற்றிப் படகோடு கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தோம். லாஞ்ச் வரும் என்று காத்துக்கொண்டே இருந்திருக்கிறான் பயல். லாஞ்ச் நான்தான்.

கிளப்பில் விசாரணை வைத்தார்கள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து மெம்பர்கள். இந்தப் பக்கம் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் கிளார்க் பஞ்சாபகேசன் மாதுங்காக்காரர், நல்ல மனிதர். அவர்தான் தமிழை இங்கிலீஷாக்கி டைப் அடித்தவர். வில்லையை மாட்டியது யார் என்று கேட்டார்கள்.

"நாந்தான் மாட்டுனேன்" என்றார் அண்ணாச்சி.

பஞ்சாபகேசன் குரலைத் தாழ்த்தி, "நெல்லையப்பா, அவசரப்படாதே. சாப் கையில குடுத்து மாட்டச் சொன்னார்னு சொல்லு. அவர் தானே மாட்டணும்னு ரூல் இருக்கு. நான் அப்படியே எழுதிடறேன். உன் மேல ஒண்ணும் வராது" என்றார்.

"எழுதிக்கோங்க சாமி. ஆனா மாட்டுனது இந்தக் கை. கொடிய எறக்குனதும் இந்தக் கைதான்."

எனக்கு வந்த கோபத்தில் கதவருகே நின்றபடி கத்திவிட்டேன். வெளியே தள்ளினார்கள். கடைசியில் துரதிர்ஷ்டவசமான விபத்து, யார் மேலும் குற்றமில்லை என்று தீர்ப்பு. பதினாலாம் நம்பர் சாப்பும் அழுதாராம். அழட்டுமே! ஈமச் சடங்குக்கு ஒரு தொகை கொடுத்தார்கள். அண்ணாச்சியின் வேலையும் போகவில்லை. திட்டி வெளியே அனுப்பியிருந்தால்கூட அவர் கொஞ்சம் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பூமாரி மதினி அழுது முடித்த பதினாறாம் நாள், நடந்ததை எல்லாம் அண்ணாச்சியே அவளிடம் சொன்னார். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. சத்தியம் செய்த கையாலேயே மாட்டினேன் என்றும் சொன்னார். அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை.

"எந்தம்பி எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கடலைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. கிளப்புக்குக் கிளம்புகிறவருக்குச் சோற்றுத் தூக்கைக் கொடுப்பாள், வந்தால் வாங்கி வைப்பாள். புருஷனோடு பேசாமலே ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினாள்.

அக்டோபரில் மறுபடி ரேஸ் தொடங்கியது. விதியைத் திருத்தியிருந்தார்கள். இனி ஒரு படகுக்கு இரண்டு வில்லை, ஆளுக்கு ஒன்று. சாப்புக்குப் பித்தளை, கூடப் போகிறவனுக்கு அலுமினியம். அதிலும் அலுமினியம்! பலகையில் இரண்டாவது வரிசை ஆணிகளை அடித்தது அண்ணாச்சிதான். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே நான் லாஞ்சுக்கு எண்ணெய் போட்டேன்.

அதோடு அவராக ஒன்றைத் தொடங்கினார். வில்லையோடு வருகிற ஒவ்வொரு சாப்பையும் வழிமறித்து நின்றார். "சாப், ஆப்கா ஆத்மி கிதர்?" உங்கள் ஆள் எங்கே? மந்திரியின் மருமகனாக இருந்தாலும் இதே கேள்விதான். சிலர் சிரித்தார்கள், சிலர் முகம் சுளித்தார்கள். பதில் சொன்னாலும் போதாது. இவரே சரிவுக்கு இறங்கிப் போய் அந்த ஆளைக் கண்ணால் பார்த்து, தோளைத் தொட்டு, பெயரைக் கேட்டுவிட்டு வருவார். பதினாலாம் நம்பரைப் பழுது பார்த்துப் புதுப் பெயின்ட் அடித்து இறக்கியிருந்தார்கள். அந்த சாப் புது ஆளோடு வந்தார். அவரிடமும் கேட்டார் அண்ணாச்சி. சாப் தலையைக் குனிந்துகொண்டு சரிவின் பக்கம் கையைக் காட்டினார். அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் வழிவிட்டார். மூன்று வருஷம், அவர் நெஞ்சுவலியில் போய்ச் சேர்கிறவரை, ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அந்தக் கேள்வி தவறியதில்லை.

ஆனால் எனக்கு மறக்காதது அந்த அக்டோபரின் முதல் ஞாயிறு. வீட்டுக்கு வந்து அவரோடு நானும் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மதினி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி தட்டைப் பார்த்தபடியே, "இன்னைக்கு எல்லாரும் கரையேறிட்டாவ பூமாரி. ஒவ்வொருத்தனையும் தொட்டுப் பாத்துட்டுத்தான் கொடிய எறக்குனேன்" என்றார். நாலு மாசத்துக்குப் பிறகு அவர் அவளிடம் கடலைப் பற்றிப் பேசுகிறார்.

மதினி நிமிர்ந்து பார்த்தாள். "எத்தன பேரு?"

அவள் பேசிவிட்டாளே என்று அண்ணாச்சி முகம் ஒரு கணம் மலர்ந்தது. "நாப்பத்தி நாலு பேரு. அம்புட்டுப் பேரும் வந்தாச்சு."

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"இல்ல, ஒராளு கொறையுது" என்றாள்.

அண்ணாச்சி கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "ஆமா" என்றார்.