ஆள் இல்லாதவர்களுக்கு றோஸ்மேரி

ஆஸ்பத்திரியில் எட்டாம் கட்டிலில் கிடந்த தங்கராசாவை அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தி, சீழில் நனைந்த கட்டுத்துணியை உருவி வாளியில் போட்டாள் றோஸ்மேரி. "திருக்கை மாதிரி வழுக்கிறாய். உன்னை வலையில போட்டாலும் நிக்கமாட்டாய்." கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

முல்லைத்தீவுக் கரையில் முப்பது வருடம் கருவாட்டுக் கூடை தூக்கியவள். சும்மா இருக்க வராது. கணவர் இராயப்பு கால் காயத்தோடு மூன்றாம் கட்டிலில் கிடந்த ஆறு வாரமும் அந்த ஆண் நோயாளர் விடுதியிலேயே நின்றாள். நோயாளர் இருபத்தாறு பேர், தாதிகள் இருவர். ஆள் இல்லாதவர்களைப் புரட்டுவது, புண் கழுவத் தண்ணீர் வார்ப்பது எல்லாம் அவள்தான். இராயப்புவை அடக்கம் செய்த நாலாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். "வீட்டில சுவரையோ பாத்துக்கொண்டு இருக்கிறது? விசர் பிடிச்சிடும்."

மகள் ஆன்சலாவுக்கு அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. இரண்டு, மூன்று, எட்டு ஆகிய கட்டில்களில் எடுத்த சீழிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்த்தாள். மூன்றிலும் ஒரே கிருமி. கையிருப்பில் இருந்த எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. காற்றில் வருவதல்ல, கைபட்டுப் போவது. புண் பழுத்த தேதிகளை வரிசையாக எழுதினாள். முதலில் இரண்டாம் கட்டில். ஐந்து நாள் கழித்து அப்பா. பிறகு தங்கராசா. ஒவ்வொரு தேதிக்கும் நடுவில் அம்மா நின்றாள்.

ஆன்சலா விடுதிக்கு ஓடிவந்தபோது ஒன்பதாம் கட்டிலிலிருந்து சங்கிலி என்ற பொடியன் றோஸ்மேரியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நேற்றுத்தான் வயிற்றில் சத்திரசிகிச்சை. "அம்மா, கொஞ்சம் நிமித்தி விடுங்க."

"அம்மா, தொடாதேங்கோ!" என்றாள் ஆன்சலா.

"ஏன் பிள்ளை? அவனுக்கு ஆர் இருக்கினம்?"

"கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ. ஒவ்வொருத்தரைத் தொட்ட பிறகும். இந்தக் கிருமி கையாலதான் போகுது."

"சவர்க்காரத்துக்கே தடை, ஆமி உள்ள விடுறானில்லை. வெறும் தண்ணி காணாதோ?"

"காணாது." ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த சவர்க்காரத் துண்டை நீட்டினாள்.

றோஸ்மேரி வாங்கவில்லை. எட்டாம் கட்டிலைப் பார்த்தாள். இரண்டைப் பார்த்தாள். இராயப்பு கிடந்த, இப்போது புதிதாக ஒருவன் படுத்திருந்த மூன்றில் பார்வை நின்றது.

"கொப்பருக்கும் என்ர கையாலதானோ?"

ஆன்சலாவிடம் ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"ஓமம்மா."

வாசலில் மகள் தண்ணீர் வார்த்தாள். முழங்கைவரை, விரலிடுக்கு, நகக்கண் என்று மூன்று தடவை சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாள் றோஸ்மேரி. சங்கிலி மறுபடி கூப்பிட்டான். ஓரடி எடுத்து வைத்தவள் நின்றாள். ஈரம் சொட்டும் கைகள் இரண்டையும் விரித்து மகளின் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள். "பார் பிள்ளை, இனித் தொடலாமோ?"