தாராளமாக மூன்று பேர்

வார இதழில் அவர் எழுதும் கார் பத்திக்கு மேலே கழுத்து வரைக்கும் ஒரு படம் வரும். அகலமான முகம், அடர்ந்த மீசை. ஆறடி ஆள் என்று சத்தியமே செய்யலாம். கழுத்துக்குக் கீழே மிச்சம் கொஞ்சம்தான் என்பது நேரில் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் அவருக்கு 'அரை டிக்கெட்' என்று பெயர். வைத்தவள் அக்கா. தம்பியின் படம் பத்திரிகையில் வந்த நாளிலிருந்து அவளே அந்தப் பெயரை விட்டுவிட்டாள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப். டிக்கியின் ஆழம், அகலம், தரையிலிருந்து அதன் விளிம்பு எவ்வளவு உயரம், எல்லாம் அளப்பார். இரண்டு பெட்டி, ஒரு மடக்குக் கட்டில், குழந்தைகளின் பழைய தள்ளுவண்டி, இவற்றை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். பின்சீட்டுக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. டிரைவர் சீட்டைத் தனக்கு வாகாக நகர்த்திக்கொள்வார். பிறகு இறங்கிப் போய் அதே சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முழங்காலுக்கு முன்னால் இருக்கும் இடத்தைப் பார்ப்பார். அவருக்குப் பின்னால் அவரே. இருபது வருடமாக எல்லாக் காரிலும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. 'தாராளம்' என்று எழுதினார்.

டிக்கி வரைக்கும் கூரை நீளும் ஒரு சின்ன ஸ்டேஷன் வேகனுக்கும் அப்படித்தான் எழுதினார். குடும்பத்துக்கென்றே செய்த வண்டி, டிக்கி ஒரு கடல், பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

அத்தானுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்த நேரம். வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போகவேண்டும். சக்கர நாற்காலியும் கூடவே போகவேண்டும். பெரிய வண்டியாகப் பார்க்கலாம் என்றார் அத்தான். அக்கா மகளும் அதையே சொன்னாள். அக்கா பத்திரிகையை எடுத்து நடுவில் போட்டாள். "என் தம்பி அளந்து பாத்து எழுதியிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?" பேச்சு அதோடு முடிந்தது. அந்த வண்டியையே வாங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், அவருடைய கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், அக்கா வீட்டுக்குப் போய் அவர்களோடு தொற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரி போகிற வழியில்தான் பத்திரிகை ஆபீஸ்.

சக்கர நாற்காலி டிக்கிக்குள் வழுக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அத்தான் கால் மடங்காது என்பதால் முன்சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. அதற்குப் பின்னால் ஆள் உட்கார இடமே இல்லை. ஓட்டுவது மகள், அவளும் அப்பாவைப் போல நெட்டை. அவள் சீட்டும் பின்னால்தான்.

"நீ நடுவுல வாடா, அதுதான் நல்ல இடம்" என்றாள் அக்கா.

"நீங்க எங்கக்கா உக்காருவீங்க?"

"நான் ஓரமா ஒண்டிக்கறேன். சேலையோட நடுவுல கால அகட்டி உக்கார முடியாது. எனக்குப் பழக்கம்தான்."

ஏறினார். நடுவில் தரை மேடாக எழும்பியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். இருபது வருடத்தில் எந்தக் காரிலும் அவர் நடுவில் உட்கார்ந்ததே இல்லை. இருபக்கமும் இரண்டு முன்சீட்டுகள் முழங்காலை நெருக்கின. மகளுக்குப் பின்னால் அக்கா கதவோடு கதவாக, இரண்டு காலையும் ஒருக்களித்து மடக்கி, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை. அது அந்த வண்டிக்கென்றே தைத்தது.

"மாமா, தாராளமா இருக்கா?" கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள் மகள்.

"ரோட்டப் பாத்து ஓட்டுடி" என்றாள் அக்கா.

"அவன எதுக்கு வம்புக்கு இழுக்கற?" என்றார் அத்தான். "டிக்கி சொன்ன மாதிரியேதான் இருக்கு மாப்ள. பேசாம உங்கக்காவ அதுல ஏத்திட்டு நாற்காலிய இங்க வச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காதான் உரக்கச் சிரித்தாள். அவருக்குக் காது மடல் எரிந்தது.

"சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னத்தச் சொல்றது? எல்லாம் சௌகரியமாத்தான் இருக்கு" என்றாள், இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டே.

ஆபீசில் அன்று முழுக்கத் திருத்தம் எழுதினார். 'முன்னால் உயரமானவர்கள் உட்கார்ந்தால் பின்னால் சற்று நெருக்கடி' என்று முதலில் எழுதினார். படித்துப் பார்த்தால், நெட்டையாகப் பிறந்தது அத்தானுடைய தப்பு என்பதுபோல் இருந்தது. அடித்தார். 'நீண்ட பயணத்துக்கு' என்று ஆரம்பித்ததையும் அடித்தார். ஆஸ்பத்திரி இருபது நிமிஷம்தான்.

கடைசியில் அறைக்கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, கதவோடு முதுகை ஒட்டி நின்று தன்னையே அளந்தார். படிவங்களில் எல்லாம் ஐந்தடி மூன்று அங்குலம் என்று போடுவது வழக்கம். டேப் ஐந்தடி ஒன்று என்றது. மீண்டும் அளந்தார். ஒன்றுதான்.

'இந்தப் பத்தியில் இதுவரை தாராளம் என்று சொன்னதெல்லாம், ஐந்தடி ஒரு அங்குல ஆளுக்குப் பின்னால் அதே ஐந்தடி ஒரு அங்குல ஆள் உட்கார்ந்து சொன்னது. நடு இடத்தில் உட்காராமலே மூன்று பேர் என்று எழுதினேன். தவறு என்னுடையது.'

ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உயரத்தையெல்லாம் எதுக்கு சார் போடறீங்க? கல்யாண விளம்பரமா?"

"இருக்கட்டும் சார்."

இதழ் வந்த அன்றே அக்காவிடமிருந்து போன். "ஊருக்கே உன் உயரத்தச் சொல்லணுமாடா? நான் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொன்னேனா?"

"அதனாலதான்கா எழுதினேன்."

பிறகு அவள் கோபமில்லாமல், கணக்குக் கேட்பதுபோல் கேட்டாள். "எழுதினது சரி. நாளைக்கும் நான் அங்கதானடா உக்காரணும்?"

போனை வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை, ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்திருந்த தன் பழைய காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார். "ரெண்டு வண்டியா? ஊர்வலம் போறோமா மாமா?" என்றாள் மகள். அக்கா தம்பிக்குப் பக்கத்து முன்சீட்டில் ஏறி, சீட்டைத் தானே பின்னால் தள்ளி, காலை நீட்டினாள். மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது. அந்தச் சின்னத் தலையணையைப் பழக்கதோஷத்தில் கையோடு கொண்டுவந்திருந்தாள்; அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

முன்னால் ஸ்டேஷன் வேகன் போனது. பின்கண்ணாடி வழியாக நாற்காலியின் சக்கரம் தெரிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்கவும் வாய் வரவில்லை.