செந்நாரை நின்ற இடம்

படகுத்துறையில் என் சித்தப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அங்கே அவருக்கு 'அண்ணாந்தான்' என்றுதான் பெயர். மீன்பிடிப் படகில் நிற்பவன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அவர் ஆகாயத்தைப் பார்ப்பார். தலைக்கு மேல் எது பறந்தாலும் கழுத்து தானாக மேலே திரும்பிவிடும்.

இளவயதில் அவர் வேலைக்கு நின்றது என் அப்பாவின் படகில். அப்பா அவருக்கு அண்ணன். அப்பா வீச்சுவலையை எடுத்தாரென்றால் அது வட்டமாக விரிந்து விழுவதைப் பார்க்கவே துறையில் ஆட்கள் நிற்பார்களாம். ஒருநாள் மீன் கூட்டம் படகுக்கு அடியிலேயே போகிறது, "வீசுடா" என்று அப்பா கத்துகிறார், இவரோ வலையைத் தோளில் போட்டபடி வரிசையாகப் பறந்துபோகும் கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பதறிப்போய் வீசியதில் வலை அவர் காலையே சுற்றி அவரையும் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டது. அப்பா தலைமுடியைப் பிடித்துத் தூக்கிப் படகில் போட்டார். கரைக்கு வந்ததும் அத்தனை பேர் முன்னாலும், "மீனைப் பிடிடான்னா நீயே மாட்டிக்கிட்டு வர்ற. நாளையிலருந்து என் படகுல கால் வைக்காத" என்றார். துறையே சிரித்தது. பெயரும் அன்றைக்கு வைத்ததுதான்.

அதற்குப் பிறகு சித்தப்பா ஐஸ் உடைத்தார், படகுகளுக்குப் பெயிண்ட் அடித்தார், ஏலக்கூடத்தில் கூடை தூக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் பின்னறையில் குடியிருந்தார். ஒரு கட்டில், கொடியில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டுகள், சன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய இறகுகள். சாப்பாடு மட்டும் எங்களோடு. அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து, உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் கேட்பார்கள். உப்பு அப்பாவின் கைப்பக்கத்தில் இருக்கும்.

நான் சில வருடங்கள் நாடு நாடாகச் சுற்றிவிட்டு வீடு திரும்பியபோது, அந்த மேசையில் பேச்சுச் சத்தம் கேட்டது.

"கை இப்பத்தான்டா உனக்குப் படிஞ்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. தட்டில் கொடுவா மீன். "இந்தப் பருவத்துல எனக்கே கொடுவா கிடைக்கல. எங்க வீசின?"

"வாய்க்கால் திருப்பத்துல அண்ணே" என்றார் சித்தப்பா தட்டைப் பார்த்தபடி.

அம்மா இன்னொரு துண்டு மீனை அவருக்கு வைத்தாள்.

சித்தப்பாவுக்கு வேலை மாறியிருந்தது. உப்பங்கழியின் அலையாத்திக் காட்டுக்குள் சுற்றுலாக்காரர்களைப் படகில் அழைத்துப் போகிற ஒரு நிறுவனம் வந்திருந்தது. பறவை தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி தேட, துறையில் எல்லோரும் கேலியாகவே அண்ணாந்தானைக் கைகாட்டிவிட்டார்கள். ஆனால் நிறுவனத்தின் விளம்பரப் பலகையில் 'பறவை பார்த்தல், பாரம்பரிய மீன்பிடி' என்று இரண்டும் இருந்தன. "வலை வீசத் தெரியும்ல?" என்றார் முதலாளி. அந்த வேலையைக் கைவிட சித்தப்பாவுக்கு மனம் இல்லை. தெரியும் என்றுவிட்டார்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு மொழிபெயர்க்க நானும் படகில் ஏறிக்கொண்டேன். ஏறிய வாரமே கொடுவாவின் சங்கதி தெரிந்துவிட்டது.

வாய்க்கால் திருப்பத்தில் மரங்களின் வேர்கள் வளைந்து இறங்குகிற ஒரு மூலையை, சித்தப்பா குச்சிகள் நட்டு, வலை கட்டி அடைத்திருந்தார். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். பண்ணைக்காரர் ஒருவரிடம் உயிருள்ள கொடுவாக்களை வாங்கி விடிகாலையில் அதற்குள் விட்டுவிடுவார். ஏற்றத்தில் தண்ணீர் நிரம்பும்போது வலையும் தெரியாது, குச்சியும் தெரியாது. இடம் தப்பிவிடாமல் இருக்க ஒரு குச்சியை மட்டும் கொஞ்சம் உயரமாக நட்டு, அதன் நுனியில் தன் பழைய துண்டைக் கிழித்து முடிந்து வைத்திருந்தார். படகு அங்கே வந்ததும் கொஞ்சம் பந்தா செய்து, தண்ணீரை முகர்ந்து பார்த்து, வலையை அந்த அடைப்புக்குள் வீசுவார். எப்படி விழுந்தாலும் மீன் வரும்.

"நான் எல்லாத்தையும் பாத்துட்டேன் சித்தப்பா" என்றேன்.

அவர் காதுமடல் சிவந்தது. "விருந்தாளிங்க நாளைக்கே போயிடுவாங்க பாப்பா. அவங்க என்ன நினைச்சா எனக்கென்ன. உங்கப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. அவரு என்கிட்டப் பேச ஆரம்பிச்சதே இந்த மீனாலதான்."

அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, படகுக்குக் கம்பு ஊன்றித் தள்ளுகிறவருக்குக் காய்ச்சல் வந்தது. முதலாளி நேரே அப்பாவிடம் போய்க் கேட்டார். அப்பா உடனே சரி என்றுவிட்டார். "இவன் வீசுறத நானும் ஒருதடவ கண்ணால பாக்கணும்" என்று சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். துறையில் ஒருவன், "அண்ணாந்தான் மீன் பிடிக்கிறத பாக்கப் போறீங்களா? நீங்க வானத்துல பாருங்க, அங்கதான் பிடிப்பான்" என்றான். அப்பா அவனைத் திரும்பிப் பார்த்து, "உன் வலைல கொடுவா வந்து எத்தனை மாசம் ஆச்சு?" என்றார். அவன் அடங்கிவிட்டான். என் பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்குத்தான் முகம் செத்துப்போனது.

அன்றைக்கு விருந்தாளிகளின் வண்டி வழியில் நின்றுபோய் அவர்கள் வெகுநேரம் கழித்து வந்தார்கள். அதற்குள் தண்ணீர் இறங்கி வற்றம் தொடங்கிவிட்டது. கழியில் வேலை செய்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்திருப்பார். சித்தப்பா பார்க்கவில்லை. அப்பா முன்னால் வலை வீசப்போகிற பயம் ஒரு பக்கம் என்றால், விருந்தாளிகளில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா, செந்நாரையைப் பார்க்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டது இன்னொரு பக்கம்.

வாய்க்காலுக்குள் நுழைந்தோம். வேர்கள் முழங்கால் வரை சேறு பூசி வெளியே நின்றன. அப்பா பின்னால் நின்று சத்தமில்லாமல் கம்பு ஊன்றினார். சித்தப்பா திடீரென்று கையை உயர்த்தினார். படகு நின்றது.

"பாப்பா, சொல்லு. செந்நாரை. அதோ, நேரே. ஆடாம இருக்கச் சொல்லு."

முக்காலியைப் பலகையில் ஊன்றி, தொலைநோக்கியை வைத்து, திருகிச் சரிசெய்து, தொப்பிக்கார அம்மாவுக்கு இடம் விட்டார். சித்தப்பாவின் முகம் அப்போது சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. பறவையைத்தான் பார்த்தார். அது எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

தொப்பிக்கார அம்மா குழாயில் கண்ணை வைத்து மெல்லச் சிரித்தாள். மீன் பிடிக்கிறது, மறுபடியும் பிடிக்கிறது, கொத்துகிற ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறது என்றாள். இப்படி ஒரு பறவையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லையாம். பிறகு கண்ணை எடுக்காமலே என்னிடம், அதைச் சுற்றி ஒரு நீல வலை தெரிகிறதே, அது என்ன என்று கேட்டாள்.

நான் சித்தப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் வெறுங்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தார்.

"யாரோ மீன் வளக்குறாங்கன்னு சொல்லு" என்றார். 

அப்படியே சொன்னேன். தொப்பிக்கார அம்மா தலையாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, சித்தப்பாவின் தலையில் கட்டியிருந்த சிவப்புக் கட்டத் துண்டைப் பார்த்தாள். திரும்பவும் குழாய்க்குள் பார்த்தாள். கெட்ட எண்ணம் ஏதும் இல்லாத மனுஷி. வேடிக்கையான ஒற்றுமை என்று நினைத்து, அங்கே குச்சியில் கட்டியிருப்பதும் இதே துணிதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மற்றவர்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். பார்த்த ஒவ்வொருவரும் நிமிர்ந்து சித்தப்பாவின் தலையைப் பார்த்தார்கள்.

"என்னவாம்?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லப்பா. பறவையைப் பத்திப் பேசுறாங்க."

"எல்லாரும் இவன் தலையை ஏன் பாக்குறாங்க?"

கம்பைச் சேற்றில் ஊன்றிக் கட்டிவிட்டு முன்னால் வந்தார். "நானும் பாக்கலாமா? ஒத்தக் கண்ண மூடணுமோ?" தொலைநோக்கியில் அப்பா கண் வைத்தது அதுதான் முதல் தடவை. குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. சித்தப்பா தலைத்துண்டை மெதுவாக அவிழ்த்தார். அதை மடித்து, பலகையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

அப்பா நிமிர்ந்தார். "கொடுவாதான்" என்றார். "தீனி நல்லாத்தான் போட்டிருக்கான்."

பின்னால் போய்க் கம்பை எடுத்துக்கொண்டார்.

விருந்தாளிகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். பிறகு தொப்பிக்கார அம்மா என்னிடம், ரொம்ப இதமான குரலில், அதனால் என்ன, எங்கள் வழிகாட்டி வலை வீசுவதை நாங்கள் அவசியம் பார்க்க வேண்டும் என்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு மொழிபெயர்க்கச் சுலபமாக இருந்திருக்கும்.

சித்தப்பா எழுந்து வலையை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். "அண்ணே, நீங்க வீசுங்க."

"என்னையா கேட்டாங்க?" என்றார் அப்பா.

சித்தப்பா அடைப்புக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, திறந்த தண்ணீரில் வீசினார். வலை விரியவில்லை. நனைந்த துணிமூட்டை மாதிரி ஒரே இடத்தில் தொப்பென்று விழுந்தது. செந்நாரை எழும்பிப் போய்விட்டது. இழுத்தபோது அழுகிய இலைகள் வந்தன, கூடவே வலையைக் கடித்துக்கொண்டு ஒரு நண்டுக்குஞ்சு. விருந்தாளிகள் எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

அன்று மாலை அப்பா வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"இது உங்களுக்கெல்லாம் இன்னைக்குத்தான் தெரியுமா?" என்றாள் அம்மா. "மீனைக் கழுவுறவ நானு. வயித்தைக் கீறினா உருண்டை உருண்டையா பண்ணைத் தீவனம். கழிக்குள்ள எவன் கடை போட்டுத் தீவனம் விக்கிறான்?"

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?" என்றார் அப்பா.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்க. உப்பை நீங்களே அவர்கிட்ட எடுத்துக் குடுத்தீங்க. அதைப் போய் நான் கெடுக்கணுமாக்கும்."

பின்கதவு லேசாகச் சத்தமிட்டது. சித்தப்பா சாப்பிட வந்து, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றிருக்கிறார். நான் எழுந்து போவதற்குள் அவர் அறை விளக்கு அணைந்துவிட்டது.

அதன் பிறகு அவர் மேசைக்கு வரவில்லை. அம்மா தட்டில் போட்டுக் கொடுப்பதை நான்தான் பின்னறைக்குக் கொண்டுபோனேன்.

"அப்பா ஒண்ணும் திட்டல சித்தப்பா. வாங்க" என்றேன் ஒருநாள்.

"அண்ணன் திட்டினது எனக்குப் பழக்கம்தான் பாப்பா. அவர் முகத்தக்கூட எப்படியோ பாத்துடுவேன் போலருக்கு." தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அண்ணிதான். இத்தனை நாளும் தெரிஞ்சே பரிமாறியிருக்காங்க. நான் வேற, நல்லாருக்கா அண்ணின்னு கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டிருக்கேன்."

படகில் அது நடந்த மறுநாளே குச்சிகளையும் வலையையும் பிடுங்கிவிட்டார். முதலாளியிடம் போய், எனக்கு வலை வீசத் தெரியாது, வேறு ஆள் பாருங்கள் என்றும் சொன்னார். முதலாளி அதிகம் யோசிக்கவில்லை. கம்பு தள்ளுகிறவருக்குக் காய்ச்சல் விட்டு அவர் திரும்பி வந்ததும், வலை வீசும் வேலையை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். அப்படித்தான் அண்ணனும் தம்பியும் பல வருடங்களுக்குப் பிறகு தினமும் ஒரே படகில் ஏற ஆரம்பித்தார்கள். ஒருவர் முன்பலகையில் தொலைநோக்கியோடு. மற்றவர் பின்பலகையில் வலையோடு. அப்பா வீசும்போது விருந்தாளிகள் ஆவென்று பார்ப்பார்கள். சித்தப்பா அந்த நேரம் பார்த்து லென்ஸைத் துடைப்பார்.

வாய்க்கால் திருப்பத்தில் செந்நாரை இன்னும் வந்து நின்றது. வேலியும் இல்லை, மீனும் இல்லை. அதே மூலையில், அதே சேற்றில் காத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு நாளும் நாங்கள் அதைக் கடந்து போவோம். சித்தப்பா அங்கே முக்காலியை ஊன்ற மாட்டார். விருந்தாளிகள் யாராவது தாங்களே கண்டுபிடித்துக் கை நீட்டினால், "செந்நாரைன்னு சொல்லு" என்று மட்டும் என்னிடம் சொல்வார்.

சென்ற வாரம் ஒரு காலையில், படகு அகலமான தண்ணீருக்கு வந்திருந்தது. அப்பா வலையைத் தோளில் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்து, வீசத் தயாராக நின்றார். தண்ணீரில் மீன் துள்ளுவது எனக்கே தெரிந்தது. அவர் வீசவில்லை. வாயிலிருந்து வலையை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டேய்" என்றார். "மேல பாரு."

கூழைக்கடாக்கள். நல்ல உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, இறக்கையை அசைக்காமல் போய்க்கொண்டிருந்தன. விருந்தாளிகள் எழுந்து நின்றார்கள். கம்பு தள்ளுகிறவர்கூடக் கம்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். மீன் கூட்டம் படகுக்கு அடியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சித்தப்பா முக்காலியின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகியிருந்த திருகாணிதான்.

"பாக்குறேண்ணே" என்றார் பலகையைப் பார்த்துக்கொண்டே.