சுத்தம் பண்ணிய கேசட்

ரெக்கார்டு பிளேயர் வாங்கி வைத்துக்கொண்டு "இதுலதான் சார் உயிர் இருக்கு" என்று உபதேசம் செய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதற்காகப் போனில் கேட்பது பிடிக்கும் என்றும் இல்லை. நான் ஒரு பாட்டுக் கேட்டால், அது முடிந்ததும் தானாக இன்னொன்றைப் போடும். உன்னை யாராவது கேட்டார்களா? கேசட் அதைவிடக் கருமம். இந்தச் சிங்கப்பூர் ஈரத்தில் நாடா முழுக்க வெள்ளைப் பூசணம். டப்பாவைத் திறந்தால், ஈரத் துணியை நாலு நாள் மூட்டை கட்டி வைத்த நாற்றம். போட்டுக் கேட்க வீட்டில் மெஷினும் இல்லை. இருந்தும் ஒரே ஒரு கேசட்டை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. அதில் அம்மாவின் குரல் இருந்தது.

அம்மாவுக்கு இப்போது குரல் கிடையாது. கேமரா போன் எல்லாம் வருவதற்கு வெகுமுன்பே தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பிடோக் வீட்டில் என்னோடுதான் இருக்கிறார். சொல்ல வேண்டியதைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டுவார்.

அந்தக் கேசட் எங்கள் பழைய குவீன்ஸ்டவுன் வீட்டில் பதிந்தது. வானொலியில் பாட்டு வரும்போது அப்பா டேப் ரெக்கார்டரை அதன் பக்கத்தில் வைத்துப் பதிவார். வயர் கியர் ஒன்றும் கிடையாது. பாட்டு முடியும்வரை வீட்டில் ஒருத்தரும் தும்மக்கூடாது. ஒரு நாள் பாட்டின் பாதியில் சமையலறையிலிருந்து அம்மா கத்தினார்: "ஏங்க, மழை வருது! கம்ப உள்ள இழுங்க, துணியெல்லாம் நனையுது!" ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கம்பில் எங்கள் பள்ளிச் சீருடை. "வாய மூடுடி" என்று அப்பா பல்லைக் கடித்ததும் சேர்ந்தே பதிவாகிவிட்டது.

அதற்கப்புறம் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதைப் போட்டுக் காட்டுவார். "அருமையான பாட்டு. இவ கெடுத்துட்டா, பாருங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா டீ போடும் சாக்கில் உள்ளே போய்விடுவார். அம்மாவின் குரல் போன பிறகும் மனுஷன் போட்டார், சாகும்வரை போட்டார். சீ, என்ன ஜென்மம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் விருந்தாளிகளோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

தேக்காவில் கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஃபார்மில் மூன்று கட்டம்: மாற்றுவது, சுத்தம் செய்வது, பழைய கேசட்டை அப்புறப்படுத்துவது. மூன்றும் சேர்ந்த பேக்கேஜ் மலிவு. பேக்கேஜ் என்றால் இந்த ஊர்க்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? மூன்றிலும் டிக் போட்டேன். இரைச்சல் போனால் அம்மா குரல் இன்னும் பளிச்சென்று கேட்கும், பூசணம் பிடித்த சனியனும் வீட்டுக்குத் திரும்பாது என்று என் மேதாவி மூளைக்குத் தோன்றியது.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரப் பெண்மணி தம்ப்டிரைவை நீட்டினார். அங்கேயே போட்டுக் கேட்டேன். பாட்டு ஆரம்பித்தது, அழகாகப் போயிற்று, முடிந்தது. அம்மாவைக் காணோம்.

"நடுவுல ஒரு குரல் வருமே?"

"அந்த டிஸ்டர்பன்ஸா? உங்க டேப் ரொம்ப மோசம் அண்ணே. அதான் என்ன பாட்டுன்னு சாஃப்ட்வேர்ல கண்டுபிடிச்சு, நெட்ல உள்ள ஒரிஜினலையே போட்டுட்டோம். கிளீனா இருக்குல்ல?"

"என் கேசட்டு?"

"நீங்கதானே டிஸ்போஸ் டிக் பண்ணீங்க. முந்தாநாளே போட்டாச்சு லா."

தூ! போனில் ஓசியில் கிடைக்கிற பாட்டு. அதை வாங்குவதற்கு என் அம்மாவைக் குப்பையில் போட்டிருக்கிறேன். அந்தப் பெண்மணியைத் திட்டி என்ன பயன்? கையெழுத்து என்னுடையதாயிற்றே. எம்ஆர்டி ரயிலில் வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

எதற்காகப் போனேன் என்று அம்மாவுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாகப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். வேறு வழியில்லை, போட்டேன். அந்த இடம் நெருங்க நெருங்க அவர் தோள் குறுகியது, தலை குனிந்தது. பாட்டு தடங்கலில்லாமல் அதைத் தாண்டிப் போயிற்று. அம்மா நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பலகையை எடுத்து எழுதினார்:

"நல்லவேளை, என்னை எடுத்துட்டாங்க. உங்கப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

"ஆமாம்மா" என்றேன்.