குடை பிடிக்காமல் நடந்த செவ்வாய்க்கிழமைகள்

எனக்கு இருபத்தாறு வயதில் சீப்பைப் பிடிக்க முடியாமல் போனது. காலையில் எழும்பினால் விரல்கள் வீங்கி, மடக்க முடியாமல் விறைத்துக் கிடக்கும். முழங்கால்கள் இரண்டும் அப்படித்தான். அம்மாதான் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிடுவார். பின்னும்போது அவர் அழுவது என் கழுத்தில் ஈரமாகத் தெரியும். எனக்கு அழுகைகூட வராது. அதுதான் அந்த நோயின் கொடுமை.

செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்கு வருகிற சகோதர சகோதரிகளே, இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய நானும் அம்மாவும் அடுத்த வருடம் கொழும்புக்கு வந்து சேர்ந்தோம். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஜெர்மனியில் இருந்த மாமாவின் உதவியில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. றோட்டைப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். அதற்கு அம்மா தடித்த சீலை போட்டு மூடினார். கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த காலம் அது. எந்த நேரமும் ஆமியின் சுற்றிவளைப்பு. புதிதாக வந்த தமிழ்ச் சனம் என்று தெரியக்கூடாது என்பதற்காக உடுப்பைக்கூட அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டோம்.

ஆனால் அந்தச் சீலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் இப்போது சில வேளை சிரிக்கிறேன்.

எனக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசினார்கள். படம் கேட்டார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த ஸ்டூடியோவில் எடுத்தோம். ஸ்டூடியோக்காரர் தன் கைவரிசையைக் காட்டி என்னை எலுமிச்சம்பழ நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். படத்தைப் பார்த்து எனக்கே மரியாதை வந்தது. மாப்பிள்ளையின் தாயார் டெலிபோனில் கேட்டாராம், "பெட்டை படத்தில இருக்கிற நிறந்தானே?" என்று. அம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓம் ஓம், அதே நிறந்தான்" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே வேலை. மாப்பிள்ளை வருவதற்குள் என்னைப் படத்தின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். கஸ்தூரி மஞ்சள், பயத்தம் மா, பாலாடை. வாசலில் பாண்காரன் வந்தாலும் அம்மாதான் போவார். "வெய்யிலுக்கை போகாதை பிள்ளை, உள்ள நிறமும் போயிடும்" என்பார். கோயிலுக்குப் போவதானால் பொழுது சாய்ந்த பிறகு, அதுவும் ஓட்டோவில். என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் பத்திரம் இன்று வரும் நாளை வரும் என்று ஒன்றரை வருடம் போனது. நான் வெளுத்தேன். உண்மையிலேயே வெளுத்தேன். சுவரில் முளைக்கிற காளான் மாதிரி.

முதலில் வந்தது உடம்பு உளைவு. பிறகு மூட்டு வீக்கம். அதன் பிறகு ஒன்றிலும் பிடிப்பில்லாமல் போனது. சோறு மண்ணாக இருந்தது. படுத்தால் நித்திரை இல்லை, எழும்பினால் எழும்ப மனமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். டிஸ்பென்சரியில் நோவுக்குக் குளிசை தந்தார்கள். தெரிந்தவர்கள் வந்து, "கலியாணம் இழுபடுது எல்லே, அந்தக் கவலைதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா செபமாலையும் கையுமாக என் கட்டிலடியில் இருந்தார். ஸ்பொன்சர் சரிவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி அதற்காகவே செபித்தார். நானும் அதற்காகத்தான் செபித்தேன்.

அந்தக் காலத்தில் கரண்டும் அடிக்கடி போகும். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனதும் அறை கும்மிருட்டானது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே நாங்கள் அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி வைத்துக்கொண்டு இருக்கிறோம். அந்தத் திரியைப் பார்த்துக்கொண்டே நான் மனதுக்குள் சொன்னேன்: "அந்தோனியாரே, கனடாவும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். ஒன்றில் என்னை எடும், இல்லாவிட்டால் எழுப்பும்." எடுத்தால் நல்லது என்றுதான் உள்ளூர நினைத்தேன். அதை மறைத்து எழுதினால் இது சாட்சியாகாது.

அடுத்த நாளே கதவு தட்டப்பட்டது. வீட்டுக்காரி பிலோமினா அன்ரி. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. சத்தமாகக் கதைப்பார், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பார். அதனாலேயே அம்மாவுக்கு அவரிடம் கொஞ்சம் பயம். கதவில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா அக்கா, புள்ளய பதுக்கி வச்சிருக்கீங்க? மொகத்துல ரத்தமே இல்லையே."

"அவளுக்குச் சுகமில்லை."

"அப்ப அந்தோனியாருக்கு நேர்த்தி வைங்க. செவ்வாய்க்கெழம காலைல வெறுங்காலோட கொச்சிக்கடைக் கோயிலுக்கு நடக்கட்டும். நானும் கூட வாறன்."

அம்மா திடுக்கிட்டுப் போனார். வழியில் ஆட்களைச் சோதிக்கிற சென்றிபொயின்ற், ஆமிக்காரர், பொலிஸ் பதிவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் அம்மா தன் உள்ளக்கிடக்கையை வெளியே விட்டார்.

"சரி, போகட்டும். ஆனால் குடை பிடிச்சுக்கொண்டுதான் போக வேணும்."

"குடையா? நேர்த்திக்குப் போறவ குடை புடிச்சிட்டுப் போனா அந்தோனியார் என்னா நெனப்பாரு? ராணி வாறான்னு எந்திரிச்சு நிப்பாரா?"

அம்மா குடையை விட்டுக்கொடுத்தார். நிறத்துக்காக யாரோடும் வாதாடுவார், புனிதரோடு வாதாடமாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவரே என் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

முதல் நாள் தெரு முனை வரை போவதற்குள் கண் கூசி, தலை சுற்றி, முழங்கால் மடிந்துவிட்டது. ஒரு சிங்களக் கடைக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "வாடிவென்ன நங்கி" என்றார். இரு தங்கச்சி என்று அந்த மொழியில் யாரோ சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த அழுகை. அன்ரி, "நல்லா அழு மகள், காசா பணமா" என்று முதுகைத் தடவினார். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மெல்ல நடந்தோம். சென்றிபொயின்றில் ஆமிக்காரப் பையன் என் வெறுங்காலையும் கையில் இருந்த திரியையும் பார்த்தான். "அந்தோனி பள்ளியட்டத?" என்று கேட்டான். கோயிலுக்குத்தான் என்று தலையாட்டினேன். அடையாள அட்டையைத் திருப்பித் தந்துவிட்டு, தனக்காகவும் ஒரு திரி கொளுத்தச் சொன்னான். கொளுத்தினேன். அவனுக்கு என்ன ஆனது என்று இன்றைக்கும் தெரியாது.

ஒவ்வொரு செவ்வாயும் நடந்தோம். பிறகு மற்ற நாட்களிலும் காலையில் அன்ரியின் பின்முற்றத்தில் அவரோடு உடுப்புக் காயப்போட்டேன். ஒரு செவ்வாய் கோயில் வாசலில் கடலை வறுக்கிற வாசம் வந்தது. எனக்குப் பசித்தது. சகோதரங்களே, பசி வருவது எவ்வளவு பெரிய அருள் என்று பசி போனவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து, "அம்மா, பாண் இருக்கா?" என்று கேட்டேன். அம்மா பாணை வெட்டாமல் கத்தியோடு அப்படியே நின்றார்.

அன்ரிதான் என்னை ஒரு பெண் டொக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் ஊசி, இரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எவ்வளவு காலம் வெளிய போகாமல் இருந்தனீங்கள்?" சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். மூட்டுகளில் அழற்சி இருக்கிறது, மனமும் சோர்வு நோயில் விழுந்திருக்கிறது, ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும் என்று விளக்கினார். வெயில் படாத உடம்பில் எலும்பும் தசையும் நோகும், மனமும் வாடும் என்றார். இரண்டுக்கும் மருந்து தந்தார். காலை வெயிலில் நடப்பதையும் விட வேண்டாம் என்றார். "எல்லா மூட்டு வருத்தத்துக்கும் வெயில் சரிவராது, சிலருக்கு வெயிலே ஆகாது. அதனால என்னைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேணும்" என்றும் கண்டிப்பாகச் சொன்னார். என்னைக் குணமாக்கியது வெயிலா, குளிசையா, நேர்த்தியா என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. கதவைத் தட்டிய கையைத்தான் எனக்குத் தெரியும். அதை அனுப்பியவரையும் தெரியும்.

ஆனால் டொக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அவருடைய முகம் செத்துப்போனது. வீட்டுக்கு வந்து ஜன்னல் சீலையைக் கழற்றினார். மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். "நான்தான் பிள்ளை உன்னை இப்படி ஆக்கினனான்" என்றார். இல்லை அம்மா, வெளியே என்ன நிலைமை, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. கனடாக்காரர் புதுப் படம் கேட்டார்கள். வெயிலில் கறுத்த முகத்தோடு எடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகு டெலிபோன் வரவில்லை. எனக்கு அது பெரிய கவலையாகப் படவில்லை. அம்மா அதையும் தன் கணக்கிலேயே போட்டுக்கொண்டார்.

நேர்த்தி முடிந்த செவ்வாய் அம்மாவும் எங்களோடு நடந்தார். வெறுங்காலோடு, குடை இல்லாமல். கோயில் முற்றத்தில் படம் பிடிக்கிறவர் ஒருவர் எங்கள் இருவரையும் நிறுத்திப் படம் எடுத்தார். நேர் வெயில். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நெற்றி பளபளக்க நிற்கிறார். அவர் சிரித்த படம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அம்மா சில வருடங்கள்தான் இருந்தார். இருந்த வரைக்கும் ஒவ்வொரு காலையும், "எழும்பு பிள்ளை, வெய்யில் வந்திட்டுது" என்று ஜன்னலைத் திறந்து என்னை எழுப்பினார். என்னை எடுக்காமல் எழுப்பும்படி கேட்டேன். அந்தோனியார் அம்மாவின் வாயாலேயே எழுப்பினார். ஆனால் என் நோயைத் தீர்த்தவரிடம் அம்மாவின் மனப்பாரத்தையும் இறக்கிவையும் என்று அப்போதே மன்றாடியிருக்கலாம் என்ற ஆற்றாமை எனக்குள் இருக்கிறது. அது போகாது. இப்போது அதற்காகவும் திரி கொளுத்துகிறேன்.

அன்பானவர்களே, உங்களில் யாராவது இருண்ட அறைக்குள் இருந்து இதை வாசித்தால், நம்பிக் கேளுங்கள். கதவு தட்டப்பட்டால் திறவுங்கள். வைத்தியரிடம் போக வெட்கப்படாதீர்கள். நல்ல சுகத்தோடு இருக்கிறவர்களே, உங்கள் தெருவிலோ ஒழுங்கையிலோ எப்போதும் மூடிக்கிடக்கிற ஜன்னல் இருந்தால், பிலோமினா அன்ரியைப் போல் போய்ச் சத்தம் போடுங்கள்.

அம்மா காலமான முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மடல் அடிக்க அந்த முற்றத்துப் படத்தை எடுத்துக்கொண்டு அதே ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரருக்கு வயதாகிவிட்டது. படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அம்மா வெயில்ல நல்லா கறுத்திருக்கிறா. மொகத்த கொஞ்சம் வெளுப்பாக்கித் தரட்டா?"

"வேண்டாம் ஐயா," என்றேன். "அந்த வெயில் அப்பிடியே இருக்கட்டும்."